ஏட்டில் மறைந்ததும் திரையில் தெரிந்ததும்

நாவலொன்று திரைப்படமாக்கப்படும் பொழுதெல்லாம் ஒரு பழைய வழக்குப் புதிதாக எழுகின்றது. நூலைப் படித்து அதில் உள்ளந் தோய்ந்தவர்கள், "கதையைச் சிதைத்துவிட்டார்கள்" என்று குறைகூறுவர். படத்தை ஆக்கியோர், "ஏட்டின் இலக்கணம் வேறு, திரையின் இலக்கணம் வேறு" என்று விடையிறுப்பர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் வழக்கு இந்த எல்லையிலேயே நின்றுவிடுவதால் விளையும் பயன் சிறிது. திரை நூலுக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்று அளப்பதைவிட, நூலைப்பற்றி நாம் முன்பு உணராதிருந்த எதனைத் திரை நமக்குக் காட்டிற்று என்று கேட்பதே சிறந்தது என்பது எமது கருத்து.

இவ்வினாவை ஆராய்வதற்கு இவ்வாரம் நாம் பேரிலக்கியங்களை நாடவில்லை. கட்டிளமைப் பருவத்தினர்க்கென எழுதப்பட்டு, அவர்களாற் கோடிக்கணக்கில் வாங்கப்பட்டு, பின்னர் ஹொலிவூட்டிலே படமாக்கப்பட்ட இரத்தக் காட்டேரிக் கதைகளையே எடுத்துக்கொள்கின்றோம். இதனைக் கண்டு முகஞ் சுளிப்போர் சிலர் இருக்கலாம். பள்ளிச் சிறுமியர் தலையணைக்கடியில் மறைத்துவைத்துப் படிக்கும் நூல்களுக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்கலாம். பத்துக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான ஒரு நாவல் வரிசை, காதல் என்பது யாது, காவல் என்பது யாது என்ற எண்ணங்களை ஒரு தலைமுறையின் உள்ளத்தில் விதைத்திருக்குமாயின், அதனை ஆராயாது விடுவதுதான் விமர்சனத்தின் குறையாகும். ஏளனம் விமர்சனம் ஆகாது.

முதலில் இக்கதைகளின் குலமரபைச் சிறிது நோக்குவோம். இறந்தும் இறவாது எழுந்துவந்து, உயிருள்ளோரின் குருதியைக் குடிக்கும் பேயுருவம் ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையிலே தோன்றியது. அதனை ஆங்கில உரைநடைக்குள் கொணர்ந்து நிலைநிறுத்தியவர் 1819ஆம் ஆண்டிலே தம் கதையை வெளியிட்ட ஜோன் பொலிடோரி என்னும் மருத்துவர். 1897இல் வெளிவந்த பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' அவ்வுருவத்தை உலகறியச் செய்தது. எமது விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளத்தையும் றிச்சாட் பேர்ட்டன் 1870இலே தம் ஆங்கில நூலின் தலைப்பில் இரத்தக் காட்டேரி என்றே பெயரிட்டழைத்தார். விடுகதை போட்டு அரசனை விழிக்கச் செய்யும் எம் வேதாளத்துக்கும் குருதி குடிக்கும் மேனாட்டுப் பேய்க்கும் உள்ள தூரம் பெரிது. எனினும் அந்த மொழிபெயர்ப்பு, 'டிராகுலா' தோன்றுமுன்பே அச்சொல் எத்துணை விரிந்து வழங்கியது என்பதற்குச் சான்று.

ஸ்ரோக்கரின் நூலிலே காட்டேரிக்குச் சில விதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். வீட்டிலுள்ளார் ஒருவர் வரவேற்று அழைத்தாலன்றி, அது அவ்வீட்டினுள் முதன்முறை நுழைதல் இயலாது. தீமை எத்துணை வலியதாயினும் அழையா விருந்தாக வாயிலைக் கடக்கலாகாது என்னும் இவ்விதி மிக நுட்பமானது. மற்றொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். ஸ்ரோக்கரின் டிராகுலா பகல் வேளையில் இலண்டன் வீதியிலே நடந்து செல்கின்றான். அவன் வலிமை பகலிற் குன்றுமேயன்றி, வெயில் அவனைக் கொல்வதில்லை. கதிரொளி பட்டதும் காட்டேரி அழியும் என்று இன்று எல்லாரும் நம்பும் விதியைத் தந்தது ஏடு அன்று, திரையே. 1922இல் மூர்னவ் என்னும் ஜேர்மன் நெறியாளர் எடுத்த 'நொஸ்பெராத்து' என்ற ஊமைப்படத்தின் முடிவிலேதான் அது முதன்முதலிற் காணப்படுகின்றது. அப்படம் உரிமை பெறாது எடுக்கப்பட்டது. ஸ்ரோக்கரின் மனைவியார் வழக்காடி வென்றார். பிரதிகளை அழிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. தப்பிய பிரதிகளால் படம் வாழ்ந்தது. பெயர்களை மாற்றி முடிவையும் மாற்றிய அந்தத் 'துரோகப்' படம், மூலநூல் அறியாத ஒரு விதியைப் பின்வந்த எழுத்தாளர்க்கெல்லாம் வழங்கிச் சென்றது. கொண்டதற்குத் திரை கைம்மாறும் செய்யும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, நம் பொருளுக்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளரான ஸ்ரெபனி மேயர், 2003ஆம் ஆண்டிலே தாம் கண்ட ஒரு கனவிலிருந்து பிறந்ததாகக் கூறும் 'ருவைலைற்' என்ற நாவல் 2005இல் வெளிவந்தது. வெயில் நிறைந்த பீனிக்ஸ் நகரிலிருந்து, மழை ஓயாத போர்க்ஸ் என்னும் சிற்றூருக்குத் தந்தையிடம் வந்து சேர்கிறாள் பெலா என்ற 17 வயதுப் பெண். அங்கே பள்ளியில் எட்வேர்ட் என்பவனைக் காண்கிறாள். 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலே இறக்கவிருந்தபோது காட்டேரியாக்கப்பட்டு, அன்று தொட்டு 17 வயதினனாகவே இருப்பவன் அவன். மனிதக் குருதியை வெறுத்து விலங்கின் குருதியால் வாழும் குடும்பம் அவனுடையது. ஆயினும் அவளது குருதியின் மணமே அவனை எல்லாவற்றினும் மேலாக ஈர்க்கின்றது. விரும்பியவளையே கொல்லத் தூண்டும் பசியோடு அவளைக் காக்க முயல்வதே கதையின் உயிர்நாடி.

நாவல் முழுவதும் பெலாவின் வாய்மொழியாகவே அமைந்தது. 'நான்' என்று பேசுங் கதையிலே வாசகர் அந்த 'நானு'க்குள்ளே குடிபுகுந்து விடுகின்றனர். அவள் அஞ்சாத இடத்தில் நாமும் அஞ்சுவதில்லை. அவள் மன்னித்ததை நாமும் மன்னித்துவிடுகின்றோம். இரவுதோறும் அவள் அறியாமல் அவளது அறைக்குள் வந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருந்ததாக எட்வேர்ட் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கின்றான். உறக்கத்திலே தான் என்ன பிதற்றினேனோ என்று நாணுகிறாளேயன்றி, அழையாமல் ஏன் வந்தாய் என்று அவள் சினப்பதில்லை. மூன்றாம் நாவலிலே, தன் நண்பன் ஜேக்கப்பைக் காண அவள் செல்லாவண்ணம் அவளது வண்டியின் பொறியையே பழுதாக்கி வைக்கின்றான் எட்வேர்ட். அதனையும் அன்பின் மிகுதி என்றே வாசகர் கொள்ளுமாறு கதை செல்கின்றது. மேயரின் காட்டேரிகளுக்கு அழைப்பு வேண்டியதில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். பழைய பேய்க்கதை காத்துவந்த வாயிற்படியை இப்புதிய காதற்கதை ஓசையின்றி நீக்கிவிட்டது. ஏட்டிலே இஃது எளிதில் மறைந்துபோகின்றது. திரையிலே மறைக்க முடியுமா என்பதே வினா.

படம் உருவான வரலாறும் அறியத்தக்கதே. முதலில் பாரமவுண்ட் நிறுவனத்தைச் சார்ந்தோர் உரிமை பெற்றுத் தயாரித்த திரைக்கதை, பெலாவை ஓட்டப்பந்தய வீராங்கனையாக்கும் அளவுக்கு நூலைவிட்டு விலகியது. அது கைவிடப்பட்டது. பின்னர் சமிற் நிறுவனம் முன்வந்தபோது, தம் கதையுலகின் அடிப்படைகள் மாற்றப்படா என்ற உறுதியை நூலாசிரியர் பெற்றார். மெலிசா றோசன்பேர்க் திரைக்கதை எழுத, கதரின் ஹார்ட்விக் என்ற பெண்மணி நெறியாள, ஏறத்தாழ 3 கோடி 70 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம் 2008ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. உலகெங்கணும் ஏறத்தாழ 40 கோடி டொலர் ஈட்டியது. 2012 வரையில் ஐந்து படங்களாக வளர்ந்த இவ்வரிசையின் மொத்த வருவாய் 330 கோடி டொலரைத் தாண்டிற்று. சிறுமியர்க்குரிய கதை என்று ஒதுக்கியோர்க்கு இக்கணக்கு ஒரு விடை. ஆனால், பணம் ஈட்டியதனாலேயே படம் சிறந்ததென்று நாம் கூறமாட்டோம்.

ஹார்ட்விக்கின் படத்திலே பாராட்டத்தக்கன உள. நீலமும் பசுமையும் கலந்த குளிர்ந்த நிறம், நிலையாக நில்லாது நடுங்கும் கமரா, பள்ளி உணவுக்கூடத்துக்குள் காட்டேரிக் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராக வருவதைப் பெலாவின் கண்கொண்டே காட்டும் முறை ஆகியவற்றால், நாவலின் 'நான்' திரைக்கு இடம்பெயரச் செய்யப்பட்டது. நோக்கப்படும் பொருளாகவே பெண்ணை வைத்துப் பழகிய ஹொலிவூட்டில், பெண் நோக்க, ஆடவன் நோக்கப்படும் பொருளாகி நின்றான். இளம்பெண்கள் படமாளிகைகளை நிறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகின்றோம்.

ஆயினும் சொல்லைச் சொல்லாகவே திரைக்குக் கொணர முயன்ற இடத்திலே படம் சறுக்கிற்று. மேயரின் காட்டேரி வெயிலில் அழிவதில்லை; அவன் மேனி வைரம்போல் மின்னுகின்றது. ஏட்டிலே இதனைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் தத்தமக்கேற்ற ஓர் ஒளியைக் கற்பித்துக் கொள்கின்றனர். திரையோ ஒரே ஒளியைத் தேர்ந்து எல்லார்க்கும் காட்டியாகவேண்டும். நடிகர் றொபேட் பற்றின்சனின் தோலிலே பொடி தூவியதுபோல் மின்னிய அந்தக் காட்சி, படத்தை வெறுத்தோர்க்கெல்லாம் ஏளனப் பொருளாயிற்று. நூலுக்கு உண்மையாக நின்ற அவ்விடத்திலேயே நூலின் அனுபவம் தொலைந்துபோனதை நோக்குக.

இதற்கு நேர்மாறானது இரண்டாம் படத்தில் உண்டு. 'நியூ மூன்' நாவலிலே எட்வேர்ட் பிரிந்து சென்றபின் ஒற்றோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர் மாத்திரம் பொறித்த வெற்றுத்தாள்கள் வருகின்றன. துயரத்தைச் சொல்ல இயலாத நெஞ்சத்தின் வெறுமையைத் தாளின் வெறுமையாற் காட்டிய உத்தி அது. இதனைத் திரையில் எவ்வாறு காட்டுவது? வெற்றுத்திரையைக் காட்டினால் இயந்திரம் பழுதாயிற்றென்றே மக்கள் எண்ணுவர். 2009இலே அப்படத்தை நெறிப்படுத்திய கிறிஸ் வைற்ஸ், சாளரத்தருகே நாற்காலியில் அசையாதிருக்கும் பெலாவைக் கமரா சுற்றிச்சுற்றி வரச் செய்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே பருவம் மாறுகின்றது; திரையில் மாதத்தின் பெயர் தோன்றுகின்றது; அவள் மட்டும் மாறவில்லை. நூலிலுள்ள ஒரு சொல்லையும் இங்கே திரை எடுத்தாளவில்லை. எடுத்தாளுவதற்கு அத்தாள்களிற் சொல்லும் இல்லை. ஆயினும் நூலின் பொருள் முழுவதும் வந்துசேர்ந்தது. இவ்வரிசையில் மிகச் சிறந்த தழுவல் இதுவே என்போம்.

இறுதிப் படமும் இத்தகைய துணிவொன்றைக் காட்டிற்று. நாலாம் நாவலான 'பிரேக்கிங் டோன்', இருபெரும் படைகள் எதிரெதிரே நின்றும் போரின்றியே முடிகின்றது. 2012இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்திலே நெறியாளர் பில் கொண்டன், அன்புக்குரிய பாத்திரங்கள் மடியும் கடும்போரொன்றைக் காட்டி, பின்னர் அது வருங்காலம் உணரும் அலிஸ் பகைவனுக்குக் காட்டிய தோற்றமே என்று வெளிப்படுத்தினார். நூலின் முடிவு மாறவில்லை. போர் மூண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மாத்திரம் கண்முன் வந்தது. அமைதியின் விலையைப் பார்ப்போர் அப்போதுதான் உணர்ந்தனர்.

இவ்விரு காட்சிகளையும் ஆக்கிய துணிவு, கதையின் நடுநரம்பைத் தொடும்போது மாத்திரம் காணாமற் போனதே எமது குறை. உறங்குபவளின் அறையில் நிற்கும் இளைஞனை முதற்படம் காட்டுகின்றது. பெலாவின் மனத்துள்ளிருந்து படித்தபோது இனித்த அதே செய்கை, வெளியே நின்று பார்க்கும்போது நெஞ்சை நெருடுகின்றது. இருண்ட மூலையில் ஒருவன். கட்டிலில் அறியாது துயிலும் ஒருத்தி. கமரா பொய் சொல்லவில்லை. ஆனால் படமோ தான் காட்டியதைத் தானே காணாததுபோல் விரைந்து கடந்துவிடுகின்றது. 2011இல் வந்த நாலாம் படத்தில், பிறந்த குழந்தையின்பால் ஜேக்கப்புக்கு உண்டாகும் ஆயுட்காலப் பிணைப்பும் அவ்வாறே. நாவலில் அப்பகுதியை ஜேக்கப்பே கூறுகின்றான் ஆதலால், வாசகர் அவனது உள்ளத்துடன் ஒன்றி அதனை ஏற்றுவிடலாம். திரையில், தொட்டிற் பருவத்துப் பிள்ளையின்முன் முழந்தாளிடும் ஓர் இளைஞனையல்லவா காண்கிறோம்? அக்குழந்தை வளர்ந்து மங்கையாகும் காட்சியைச் சிறிதே மின்னவிட்டுப் படம் நழுவிச் செல்கின்றது. திரை தன் இயல்பினால் எழுப்பிய வினாக்களை, வாசகரின் சினத்துக்கு அஞ்சிய படத்தயாரிப்பு அடக்கிவிட்டது.

அவ்வச்சம் வணிகத்தின் அச்சம். நூலை வாங்கியோரெல்லாம் நுழைவுச்சீட்டும் வாங்குவோர் என்று கணக்கிட்டபின், அவர்களை நெருடவைக்க எந்த முதலாளி துணிவான்? ஒரு நாவல் இரு படங்களாக நீட்டப்பட்டதும் அக்கணக்கினாலேயே. முதல் வார இறுதியில் ஏறத்தாழ 7 கோடி டொலர் ஈட்டி, பெண் நெறியாளர் ஒருவரின் படத்துக்கு அதுகாறும் கிட்டாத வெற்றியைப் பெற்றார் ஹார்ட்விக். எனினும் அடுத்த நான்கு படங்களையும் ஆடவர் மூவரே நெறிப்படுத்தினர். பெண்களின் கண்ணோட்டத்தாற் செழித்த ஒரு வரிசையில் நெறியாளர் இருக்கை மறுபடியும் பெண்ணொருவர்க்குக் கிட்டவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அஞ்சாத தழுவலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், அதே 2008ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டில் வெளிவந்த படமொன்றைக் காண்க. 'தக்கவரை உள்ளே வரவிடு' என்ற பொருள்படும் தலைப்புடைய ஜோன் லிண்ட்குவிஸ்ரின் நாவல் 2004இல் வந்தது. அது வளர்ந்தோர்க்கென எழுதப்பட்டதெனினும், அதன் நாயகன் 12 வயதுச் சிறுவனே. நாவலாசிரியரே திரைக்கதை எழுதி, நூலின் பெரும்பகுதிகளைத் தாமே வெட்டினார்; தோமஸ் அல்பிரெட்சன் நெறிப்படுத்தினார். சிறுமியுருவிலுள்ள காட்டேரியாகிய ஈலியை, 'அழைக்காமல் வந்தால் என்ன ஆகும்?' என்று சீண்டுகிறான் சிறுவன் ஒஸ்கார். அழைப்பின்றிப் படிதாண்டி வந்த ஈலியின் மேனியெங்கும் குருதி கசிகின்றது. பதறிய சிறுவன் உள்ளே வரலாமென்று கூவியபின்னரே அது நிற்கின்றது. பழைய விதி ஒரு வசனமுமின்றி, நட்பின் இலக்கணமாக மாறிவிட்டது. மற்றவரின் இசைவின்றி அவர் வாழ்வினுள் நுழைதல் நுழைபவரையும் புண்படுத்தும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. ஒரே ஆண்டில் வந்த இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், மேயரின் கதை வாயிற்படியை நீக்கியபோது எதனை இழந்தது என்பது விளங்கும்.

துணிவின்மை ஒருபுறமிருக்க, திணிப்பினால் தோற்ற தழுவல்களும் உள. டரன் ஷான் எழுதிய பன்னிரு நூல் வரிசையின் முதல் மூன்றையும் ஒரே படத்துள் அடக்க முயன்றார், கிறிஸ் வைற்ஸின் தமையனாராகிய போல் வைற்ஸ். 2009இலே வந்த அப்படத்துக்குத் தொடர்ச்சி பிறக்கவில்லை. றிச்செல் மீட்டின் 'வம்பயர் அக்கடமி' 2014இற் படமாயிற்று. மூவகைக் காட்டேரிக் குலங்களையும் அவற்றின் பகைகளையும் பாத்திரங்கள் வாயால் விளக்கிவிளக்கியே நேரம் கழிந்தது. செலவிட்ட பணத்திற் பாதியளவே திரும்பிற்று. மாறாக, எல். ஜே. ஸ்மித் 1991 முதல் எழுதிய 'வம்பயர் டயறீஸ்' வரிசை திரைப்படமாகாது, தொலைக்காட்சித் தொடராகி 2009 முதல் 2017 வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. நூல் வரிசையின் விரிவுக்கு அங்கே இடமிருந்தது. கதைக்கேற்ற கலத்தைத் தெரிவதும் தழுவுவோரின் கடமையே.

நூலாசிரியரின் பிற்காலச் செய்கையும் குறிப்பிடத்தக்கது. கதாநாயகி எப்போதும் பிறராற் காக்கப்படுபவளாகவே இருக்கிறாள் என்ற கண்டனத்துக்கு விடையாக, 2015இலே மேயர் ஆண்பெண் பாத்திரங்களை இடம்மாற்றி முதற்கதையை மீண்டும் எழுதினார். 2020இல் அதே கதையை எட்வேர்டின் வாய்மொழியாக 'மிட்னைற் சன்' என்ற பெயரில் வெளியிட்டார். யார் கண்ணாற் பார்க்கிறோம் என்பதே இக்கதையின் முதன்மையான வினா என்பதை ஆசிரியரின் எழுத்தே உறுதிப்படுத்திவிட்டதன்றோ? வெளிநின்று காணும் வாய்ப்பு முதன்முதலிற் கிட்டியது திரைக்கு. அவ்வாய்ப்பைச் சில காட்சிகளிலே பயன்படுத்தி, பல காட்சிகளிலே அது நழுவவிட்டது.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் கூறவிரும்புவது ஒன்றுண்டு. இந்நூல்களை இளையோர் கையிலிருந்து பறித்தலும் வேண்டா. பறிக்காமல் நகைத்தலும் வேண்டா. நூலையும் படத்தையும் அருகருகே வைத்து, "நீ அவளுக்குள்ளிருந்து படித்தபோது உனக்கு இனித்தது எது? வெளியே அமர்ந்து பார்த்தபோது அதுவே உனக்கு எவ்வாறு தோன்றிற்று?" என்று வினவுங்கள். அவ்விரு விடைகளுக்கும் இடையேயுள்ள தூரத்திலே இளம் உள்ளம் தானே அளந்தறியும் உண்மை, நம் அறிவுரைகள் பலவற்றினும் மேலானது. படம் எடுப்போர்க்கும் ஒரு சொல்: உங்கள் நூலின் வாசகருக்கு அஞ்சாதீர்கள். வெற்றுத்தாளைக் கண்டு ஒரு சாளரத்தை ஆக்கிய துணிவை அவர்கள் வெறுக்கவில்லை. உறங்குபவளின் அறைவாயிலில் நின்று, 'உன்னை இங்கே அழைத்தவர் யார்?' என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால், அதனையும் அவர்கள் பொறுத்திருப்பர்.